கிரீன் டீயில் பால் சேர்த்தால் அதன் பயன் குறையுமா?

மதுரைச்செல்வி:
என் தாயாருக்கு வயது 58. இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகத் தெரிந்தபின், பால் டீயை விட்டுவிட்டு கிரீன் டீக்கு மாறினார். அதன் துவர்ப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. வெறும் வயிற்றில் குடித்தால் குமட்டுகிறது என்கிறார். ஆகவே அரை டம்ளர் பாலும் இரண்டு கரண்டி சர்க்கரையும் சேர்த்தே குடிக்கிறார். பால் பட்டதும் கிரீன் டீயின் நன்மை முழுவதும் போய்விடும் என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். அது சரிதானா?

உணவியல் மாணவன்:
முழுவதும் போய்விடும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. கிரீன் டீயின் பயன்களாகப் பேசப்படுபவை பெரும்பாலும் கேட்டசின்கள் என்னும் பொருள்களைச் சார்ந்தவை. பாலிலுள்ள கேசின் என்ற புரதம் இவற்றோடு ஒட்டிக்கொள்ளும். துவர்ப்பு அடங்குவதும் இதனால்தான். ஆக, உங்கள் தாயாரின் நாக்குக்கு இதமளிப்பதும் உங்கள் உறவினர் அஞ்சுவதும் ஒரே வினையே. ஆனால் டம்ளரில் ஒட்டிக்கொண்டது குடலிலும் அப்படியே இருக்கும் என்று கொள்ள முடியாது, ஏனெனில் செரிமானத்தில் கேசினும் சிதைகிறது.

2007இல் வெளியான பெர்லின் ஆய்வொன்றில், 16 பெண்கள் கறுப்புத் தேநீர் அருந்தியபோது இரத்தக்குழாய் விரிவடையும் திறன் கூடியது. கொழுப்பு நீக்கிய பாலை 10 சதவீதம் சேர்த்தபோது அந்தப் பலன் காணப்படவில்லை. அதற்கு முன்பே, 1998இல் நெதர்லாந்தில் 12 பேரிடம் நடந்த ஆய்வில், கறுப்புத் தேநீரில் பால் சேர்த்ததால் இரத்தத்தில் சேரும் கேட்டசின் அளவு குறையவில்லை என்று தெரிந்தது. இரண்டும் சிறிய ஆய்வுகள்; இரண்டிலும் பால் கலந்தது கறுப்புத் தேநீரில்தான். எனவே கிரீன் டீயைப் பற்றி இவற்றை வைத்து அறுதியிட்டுக் கூற இயலாது. என் கருத்தில், உங்கள் தாயாரின் நிலையில் பாலைவிட அந்த இரண்டு கரண்டி சர்க்கரையே முதலில் கவனிக்க வேண்டியது.

குன்னூர்வாசி:
அம்மா, கிரீன் டீயையும் பால் டீ போடுவதைப் போலக் கொதிக்க வைக்கிறீர்களா என்று பாருங்கள். கறுப்புத் தேயிலையை உலர்த்துவதற்குமுன் நசுக்கிக் காற்றுபட விட்டுப் புளிக்க வைக்கிறோம். கிரீன் டீக்கு ஆவியிலோ சூடான சட்டியிலோ இலையை முதலிலேயே வாட்டிவிடுவதால் அந்த மாற்றம் நிகழ்வதில்லை. கொதிக்கும் நீரில் போட்டு நெடுநேரம் விட்டால் கசப்பும் துவர்ப்பும் மிகுந்துவிடும். கொதித்த நீரை இறக்கிச் சில நிமிடம் ஆறவிட்டு, 75 முதல் 80 டிகிரி சூட்டில் இலையைப் போட்டு, இரண்டே நிமிடத்தில் வடிகட்டிப் பாருங்கள். பால் கேட்காமலேயே குடிக்கலாம்.

பால் சேர்ப்பது குற்றமும் அன்று. காஷ்மீரில் பச்சைத் தேயிலையைச் சமையல் சோடாவுடன் நெடுநேரம் கொதிக்கவைத்து, பாலும் உப்பும் சேர்த்து இளஞ்சிவப்பு நிறத்தில் நூன் சாய் அருந்துகிறார்கள். அங்கே அதை மருந்தாக நினைத்துக் குடிப்பதில்லை என்பதுதான் வேறுபாடு.

மதுரைச்செல்வி:
இருவருக்கும் நன்றி. கொதிக்கத்தான் வைத்துக்கொண்டிருந்தோம். அவருக்கு இரத்தச்சோகையும் உண்டு. இரும்புச் சத்து மாத்திரையைக் காலை கிரீன் டீயோடுதான் விழுங்குகிறார். அதில் தவறு உண்டா?

ஓய்வுபெற்ற செவிலியர்:
உண்டு, இதை உடனே மாற்றுங்கள். தேநீரிலுள்ள பொருள்கள் இரும்புச் சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். பாலிலுள்ள கால்சியமும் தன் பங்குக்கு அதையே செய்யும். மாத்திரையைத் தண்ணீருடன் விழுங்கட்டும். தேநீரை ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். உணவோடு சேர்த்துக் குடிப்பதையும் தவிர்க்கலாம். குமட்டல் இருப்பதால் வெறும் வயிற்றில் வேண்டாம். முற்பகல் பதினொரு மணி வாக்கில், சிறிது சுண்டலோடு எடுத்துக்கொள்ளலாம்.

பால் இல்லாமல் முடியவில்லையென்றால் ஓரிரு கரண்டி மட்டும் விடுங்கள், சர்க்கரையைப் படிப்படியாக நிறுத்துங்கள். துவர்ப்புக்குப் பயந்து கிரீன் டீச் சாறு அடைத்த மாத்திரைகளுக்கு மட்டும் போய்விடாதீர்கள்; அவற்றை மிகுதியாக எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது.