அழுதால் சபுர் போய்விடுமா?

குழு: கம்பளை வீட்டார்
வியாழக்கிழமை இரவு

சுமையா ராத்தா: அஸ்ஸலாமு அலைக்கும். யாராவது விழித்திருக்கிறீர்களா? இன்று அஸருக்குப் பிறகு ஒரு மையித்து (மரணம் நடந்த) வீட்டுக்குப் போனேன். அங்கே எங்கள் வீட்டு விஷயத்தைக் கேட்டார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒருவர், "இப்படி அழுதால் சபுரின் (பொறுமையின்) கூலி போய்விடும். நபிமார்கள் கஷ்டத்தில் வாய் திறந்தார்களா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்தும் அதே நினைவாக இருக்கிறது.

ரிஸ்வான் நானா: வஅலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி. யார் அப்படிச் சொன்னது?

சுமையா ராத்தா: யார் என்பது வேண்டாம் நானா. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. டித்வா புயலில் பின்பக்கத்து மேடு சரிந்து வந்ததிலிருந்து வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். மண் பரிசோதனை அறிக்கையும் வரவில்லை, மாற்றுக் காணியும் இல்லை. தஹஜ்ஜுத்துக்கு (பின்னிரவுத் தொழுகைக்கு) எழும்பி அல்லாஹ்விடம் கேட்கிறேன். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறேன். எங்கள் வரிசையில் இருந்த ஒரு குடும்பத்துக்குப் போன கிழமை காணி கிடைத்தது. சந்தோஷப்பட்டேன், அது உண்மை. ஆனால் அன்று இரவு கை ஏந்தியபோது ஒரு வார்த்தையும் வரவில்லை. இது சபுர் இல்லாமையா?

நவாஸ் மாமா: மகள், அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். எங்கள் வாப்பா எப்போதும் அய்யூப் நபியைத்தான் சொல்வார். உடம்பிலே நோய், குடும்பத்திலே இழப்பு. ஆனாலும் ஒரு வார்த்தை முறையிடாமல் பொறுத்தார். நீயும் மனசை அடக்கிக்கொண்டு அல்லாஹ்விடம் விட்டுவிடு.

ஹமீதா பெரியும்மா: நவாஸ், அய்யூப் நபி (அலை) முறையிட்டார். குர்ஆனில் சூரா (அத்தியாயம்) அன்பியாவில் 83ஆவது ஆயத்தை (வசனத்தை) எடுத்துப் பார். "என்னைத் துன்பம் தொட்டுவிட்டது. நீயோ இரக்கமுள்ளவர்களில் எல்லாம் மிக இரக்கமுள்ளவன்" என்று தன் ரப்பை (இறைவனை) அழைத்தார். அடுத்த ஆயத்திலேயே அல்லாஹ் பதில் கொடுத்து, துன்பத்தை நீக்கி, குடும்பத்தையும் திரும்பக் கொடுத்ததாகச் சொல்கிறான். அவரைப் பற்றித்தான் சூரா ஸாதில் "நாம் அவரைப் பொறுமையாளராகக் கண்டோம், எவ்வளவு நல்ல அடியார்" என்றும் வருகிறது. வாய் திறந்ததால் அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவில்லை.

ஹமீதா பெரியும்மா: உடம்பில் புழு நெளிந்தது, விழுந்த புழுவை எடுத்துத் திரும்ப வைத்தார் என்ற கதையெல்லாம் குர்ஆனில் இல்லை. அஹதியா மார்க்க வகுப்பில் பிள்ளைகள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். நான் அவர்களை அந்த ஆயத்தையே ஓத வைப்பேன். அந்த துஆவில் (பிரார்த்தனையில்) "நோயைக் குணப்படுத்து" என்ற சொல்கூட இல்லை. தன் நிலையைச் சொன்னார், ரப்பின் இரக்கத்தைச் சொன்னார். அவ்வளவுதான்.

இல்ஹாம்: பெரியும்மா, அப்படியானால் எனக்கு ஒரு கேள்வி. அல்லாஹ்வுக்கு எல்லாம் தெரியும். ராத்தா ஒரு தடவை கேட்டால் போதாதா? ஒரே துஆவை நூறு தடவை கேட்பது நம்பிக்கை இல்லாத மாதிரி ஆகாதா?

ஹமீதா பெரியும்மா: நல்ல கேள்வி மகன். ஸகரிய்யா நபியைப் (அலை) பார். சூரா மர்யமின் தொடக்கம். "என் எலும்புகள் பலவீனமாகிவிட்டன, தலை நரைத்துவிட்டது. என் ரப்பே, உன்னிடம் கேட்டு நான் ஒருபோதும் பாக்கியமற்றுப் போனதில்லை" என்கிறார். முன்பும் கேட்டுப் பழகிய ஒருவர் பேசுகிற பேச்சு இது. மனைவி பிள்ளைப் பேறு இல்லாதவர் என்பதையும் அவரே எடுத்துச் சொல்கிறார். நம்பிக்கை அறுந்த ஆள் அந்த வயதில் பிள்ளை கேட்பாரா?

ஹமீதா பெரியும்மா: சுமையா, இது உனக்கு. அவர் எப்போது கேட்டார் தெரியுமா? சூரா ஆலு இம்ரானில் வருகிறது. மர்யம் (அலை) இருந்த மிஹ்ராபுக்கு (தொழும் அறைக்கு) போகும்போதெல்லாம் அங்கே உணவைக் காண்கிறார். எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார். "அல்லாஹ்விடமிருந்து, அவன் நாடியவர்களுக்குக் கணக்கில்லாமல் கொடுப்பான்" என்கிறார் மர்யம். "அந்த இடத்திலேயே ஸகரிய்யா தன் ரப்பிடம் கேட்டார்" என்பது அடுத்த ஆயத். இன்னொருவருக்குக் கிடைத்ததைக் கண்ணால் பார்த்த இடத்தில் நின்றே தனக்கும் கேட்டார். அந்தக் குடும்பத்துக்குக் காணி கிடைத்த செய்தி வந்த இரவில் நீ கை ஏந்தினாயே, அது சாதாரண விஷயம் இல்லை மகள்.

சுமையா ராத்தா: இதை நான் இப்படி ஒரு நாளும் யோசிக்கவில்லை பெரியும்மா.

ரிஸ்வான் நானா: இல்ஹாம், புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு கிரந்தங்களிலும் ஒரு ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. "நான் கேட்டேன், எனக்குக் கொடுக்கப்படவில்லை" என்று அவசரப்படாத வரைக்கும் உங்கள் துஆவுக்குப் பதில் கொடுக்கப்படும். இங்கே தோஹாவில் ஜும்ஆவில் கேட்ட நாளிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நவாஸ் மாமா: ஹமீதா ராத்தா, நீங்கள் சொல்வது விளங்குகிறது. ஆனால் எல்லை எது? துஆவில் அழுவது வேறு. சுமையா நாலு பேருக்கு முன்னால் அழுதாள். அதற்கு என்ன சொல்வீர்கள்?

ஹமீதா பெரியும்மா: யஃகூப் நபியைச் (அலை) சொல்வேன். சூரா யூஸுஃபை எத்தனை தடவை ஓதினாலும் நான் அந்த இடத்தில் நின்றுவிடுவேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்து வாசியுங்கள்.

ஹமீதா பெரியும்மா: மகன் யூஸுஃபைக் கூட்டிப் போன மற்ற மகன்மார், அவன் சட்டையில் பொய் இரத்தத்தைத் தடவிக்கொண்டு வந்தபோது அவர் சொன்னது "ஃபஸப்ருன் ஜமீல்". அழகிய பொறுமை. பல காலம் கழித்து யூஸுஃபின் சகோதரரும் எகிப்தில் பிடிபட்ட செய்தி வந்தபோதும் அதே சொல்லைத்தான் சொன்னார். அது 83ஆவது ஆயத். உடனே 84ஐப் பாருங்கள். "யூஸுஃபுக்காக என் துயரமே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், துக்கத்தால் கண்கள் வெளுத்துப் போகின்றன. இரண்டும் ஒரே மனிதர், அடுத்தடுத்த ஆயத்துகள். வீட்டில் மகன்மார் பார்த்துக்கொண்டிருக்கத்தான் அது நடந்தது. அந்த மகன்மார் என்ன சொன்னார்கள்? யூஸுஃபை நினைத்து நினைத்தே உருக்குலைந்து போவீர்கள், இல்லையென்றால் அழிந்தே போவீர்கள் என்றார்கள். மையித்து வீட்டில் உனக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்.

ஹமீதா பெரியும்மா: அவர் கோபப்படவில்லை. "என் வேதனையையும் கவலையையும் அல்லாஹ்விடம்தான் முறையிடுகிறேன்" என்றார். அதோடு நிறுத்தவும் இல்லை. 87ஆவது ஆயத்தில், "என் மக்களே, போங்கள், யூஸுஃபையும் அவன் சகோதரனையும் தேடுங்கள். அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழந்துவிடாதீர்கள்" என்கிறார். கண் பார்வை போன மனிதர், கூட்டிப் போனவர்களையே திரும்பவும் தேட அனுப்புகிறார். நான் அறிந்த சபுர் இதுதான் நவாஸ். அழுகையும் அதற்குள் இருக்கிறது, ஆள் அனுப்பித் தேடுவதும் இருக்கிறது.

நவாஸ் மாமா: சுப்ஹானல்லாஹ்.

ஹமீதா பெரியும்மா: எல்லை கேட்டாயே. ரஸூலுல்லாஹ் முஹம்மது நபி (ஸல்) தன் மகன் இப்ராஹீம் மௌத்தாகும்போது அழுதார்கள். "நீங்களுமா?" என்று ஒரு ஸஹாபி (நபித்தோழர்) கேட்டதற்கு, இது ரஹ்மத் (இரக்கம்) என்றார்கள். கண் கண்ணீர் விடுகிறது, உள்ளம் வருந்துகிறது, ஆனால் எங்கள் ரப்புக்குப் பொருத்தமானதை மட்டுமே சொல்வோம் என்றார்கள். புகாரியில் இருக்கிறது. எல்லை நாவில்தான் இருக்கிறது, கண்ணில் இல்லை.

பாத்திமா சாச்சி: இப்போதுதான் எல்லாவற்றையும் வாசித்தேன். சுமையா, மஸ்கெலியாவிலிருந்து உனக்கு நிறைய துஆ. இன்று காலை மேகம் விலகி பாவா ஆதம் மலை (சிவனொளிபாத மலை) நன்றாகத் தெரிந்தது. பயணி இப்னு பதூதா 1344இல் ஏறிய மலை. ஆதம் நபி (அலை) இறங்கிய இடம் எது என்று குர்ஆன் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் கேட்ட துஆ இருக்கிறது. "ரப்பனா ழலம்னா அன்ஃபுஸனா". எங்கள் ரப்பே, எங்களுக்கு நாங்களே அநியாயம் செய்துகொண்டோம் என்று அர்த்தம். நான் சுபஹுக்குப் பிறகு ஓதுவது அதைத்தான்.

ரிஸ்வான் நானா: பெரியும்மா, ஒன்று கேட்கவா? நூஹ் நபியின் விஷயம் எனக்கு எப்போதும் கனமாக இருக்கும். 950 வருடம் மக்களிடையே இருந்தார். இரவும் பகலும் அழைத்தேன், அவர்கள் காதில் விரலை வைத்துக்கொண்டார்கள் என்று அவரே சொல்கிறார். கடைசியில் பெற்ற மகனுக்காகக் கேட்டதும் கிடைக்கவில்லை. நாளைக்கு சுமையாவுக்கும் அந்தக் காணி கிடைக்காமலே போனால் நாங்கள் அவளுக்கு என்ன சொல்வது?

ஹமீதா பெரியும்மா: அதை இலேசாக்கிச் சொல்ல எனக்கு மனம் வராது ரிஸ்வான். மகன் அலையில் மூழ்கினான். நூஹ் நபி (அலை) கேட்டார், கிடைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் வாயில் வந்த அடுத்த வார்த்தையும் துஆதான். "எனக்கு அறிவில்லாததைக் கேட்பதை விட்டும் உன்னிடம் பாதுகாப்புத் தேடுகிறேன், நீ என்னை மன்னித்து இரங்காவிட்டால் நான் நஷ்டவாளி." சூரா ஹூத், 47. மறுக்கப்பட்ட இடத்திலும் அவர் வேறு வாசலுக்குப் போகவில்லை. பாவத்தையோ உறவை முறிப்பதையோ கேட்காத துஆவுக்கு மூன்றில் ஒன்று கிடைக்கும் என்ற ஹதீஸ் முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. கேட்டது இங்கேயே கிடைக்கும், அல்லது மறுமைக்குச் சேமிக்கப்படும், அல்லது அதற்குச் சமமான ஒரு தீங்கு விலக்கப்படும். அதைக் கேட்ட ஸஹாபாக்கள் "அப்படியென்றால் நிறையக் கேட்போம்" என்றார்கள். அல்லாஹ்விடம் அதைவிட அதிகம் இருக்கிறது என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) சொன்னார்கள்.

சுமையா ராத்தா: கேட்க வேண்டும் என்று விளங்குகிறது பெரியும்மா. ஆனால் வார்த்தையே வராத இரவில் என்ன செய்வது?

ஹமீதா பெரியும்மா: மூஸா நபியின் (அலை) துஆவைக் கேள். எகிப்திலிருந்து உயிருக்குப் பயந்து ஓடி மத்யனுக்கு வந்தார். வீடு இல்லை, தொழில் இல்லை, தெரிந்தவர் யாரும் இல்லை. அந்த நிலையிலும் கிணற்றடியில் காத்திருந்த இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். பிறகு நிழலுக்குப் போய் ஒரே வரி சொன்னார். "ரப்பி இன்னீ லிமா அன்ஸல்த இலய்ய மின் ஹைரின் ஃபகீர்." என் ரப்பே, நீ எனக்கு இறக்கும் எந்த நன்மைக்கும் நான் தேவையுள்ளவன். இன்னது வேண்டும் என்று ஒன்றையும் சொல்லவில்லை. அடுத்த ஆயத்தில் அந்தப் பெண்களில் ஒருவர் வெட்கத்தோடு நடந்து வந்து, "வாப்பா உங்களைக் கூப்பிடுகிறார்" என்கிறார். தங்க இடம், தொழில், குடும்பம் எல்லாம் அந்த அழைப்போடு வந்தது. சூரா கஸஸ், 24ஆவது ஆயத்திலிருந்து ஓது. வார்த்தை வராத இரவில் அந்த ஒரு வரி போதும். ஸுஜூதில் (தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது) சொல்.

இல்ஹாம்: ராத்தா, அந்த துஆவை எழுதி உன் அலுமாரிக் கதவில் ஒட்டிவிடுகிறேன்.

சுமையா ராத்தா: பெரிய எழுத்தில் எழுது தம்பி. ஜஸாகுமுல்லாஹு ஹைரா எல்லாருக்கும்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

நவாஸ் மாமா: சுமையா, நேற்றிரவு முழுக்க யஃகூப் நபி மக்களை அனுப்பிய இடத்தையே யோசித்துக்கொண்டிருந்தேன். நீ தனியாகத்தான் அலுவலகத்துக்குப் போய் வருகிறாயா?

சுமையா ராத்தா: ஆமாம் மாமா. அவருக்குக் கடையை விட்டு வர ஏலாது. போனால் அடுத்த கிழமை வா என்கிறார்கள்.

நவாஸ் மாமா: இனித் தனியாகப் போகாதே. திங்கட்கிழமை காலை கண்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறேன். காணி உறுதி, கிராம சேவகர் கொடுத்த கடிதம், மேடு சரிந்த படங்கள், எல்லாவற்றிலும் இரண்டு போட்டோக் கொப்பி எடுத்து வை. கேட்டதற்கான பதிலை எழுத்தில் வாங்காமல் நான் எழும்ப மாட்டேன்.

ரிஸ்வான் நானா: மாமா, சிங்களத்தில் ஒரு கடிதமும் வேண்டும். நான் இன்றிரவு எழுதி அனுப்புகிறேன்.

ஹமீதா பெரியும்மா: திகதி வாரியாக எழுது மகன். எந்த நாள் போனாள், என்ன சொன்னார்கள் என்பது வரிசையாக இருக்கட்டும். திங்கள் நான் நோன்பு பிடிக்கிறேன், திறக்கும் நேரத்தில் இதையே கேட்பேன்.

சுமையா ராத்தா: நானும் பிடிக்கிறேன் பெரியும்மா. மாமா, பஸ் ஏறியதும் கோல் எடுங்கள், ஸ்டாண்டுக்கு இல்ஹாமை அனுப்புகிறேன்.