கெர்னிக்காவில் குடியேறும் தம்பிக்கு

பில்பாவோ நகரில் வாடகை கட்டுப்படியாகாமல், வட ஸ்பெயினின் பாஸ்க் நாட்டிலுள்ள கெர்னிக்காவில் வீடு பார்த்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். தயங்காமல் வாருங்கள். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பில்பாவோ போய்விடலாம்; அதற்குப் பாரிக் என்னும் பயண அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வந்ததும் நகராட்சியில் ‘பத்ரோன்’ என்னும் குடியிருப்புப் பதிவை முடித்துவிடுங்கள். மருத்துவ அட்டைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் அதைக் கேட்பார்கள்.

இனி ஊரைப் பற்றி. 1366-இல் தெல்லோ பிரபு சாசனம் கொடுத்து உருவாக்கிய ஊர் இது. இந்தப் பிஸ்காயா மாகாணத்தின் பிரதிநிதிகள் இங்குள்ள ஓக் மரத்தடியில்தான் கூடினார்கள். தங்கள் உரிமைகளைக் காப்பதாக ஆட்சியாளர்களை அங்கேதான் உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். பாஸ்க் அரசின் தலைவர் இன்றும் அங்கு வந்துதான் பதவியேற்கிறார். 1860-இல் நட்ட மரம் 2004-இல் பட்டுப்போனது. இப்போது நிற்பது 2015-இல் நட்ட இளமரம். அளவைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பழைய மரத்தின் வழிவந்த கன்று அது, இவர்களுக்குக் கோயில் தலவிருட்சம் போல.

1937 ஏப்ரல் 26, சந்தை கூடும் திங்கட்கிழமை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், பின்னாளில் சர்வாதிகாரியான பிராங்கோவுக்குத் துணையாக வந்த ஜெர்மனியின் காண்டோர் விமானப் படையும் இத்தாலிய விமானங்களும் மூன்று மணி நேரத்துக்கு மேல் குண்டு வீசின. ஊரின் பெரும்பகுதி எரிந்தது, மரம் தப்பியது. பின்வாங்கிய எதிரணியினரே ஊரைக் கொளுத்தினார்கள் என்று பிராங்கோ ஆட்சி பல ஆண்டுகள் சொல்லிவந்தது. என்னை இன்றும் கொதிக்க வைப்பது அந்தப் பொய்தான். உங்கள் மாடிவீட்டு முதியவர் அதைக் கேட்டே வளர்ந்தவராக இருக்கலாம். இந்தக் குண்டுவீச்சைப் பற்றிய பிக்காசோ ஓவியத்தை வைத்து நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். அவர்களாகச் சொன்னால், வேலையை ஒதுக்கிவைத்து உட்கார்ந்து கேளுங்கள். முதலில் அமைதி அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

ஸ்பானிஷ் தெரிந்தால் அன்றாட வேலைகள் நடக்கும். ஆனால் இங்கே தெருவில் காதில் விழுவது பாஸ்க் மொழி. பாஸ்க் மக்கள் தங்களை ‘எவுஸ்கல்துன்’ என்கிறார்கள். பாஸ்க் மொழியை உடையவர் என்று பொருள். பிராங்கோ காலத்தில் பள்ளியிலும் பொதுவிடத்திலும் ஒடுக்கப்பட்ட மொழி அது. மொழியால் தன்னை அறிந்துகொள்ளும் மக்கள் என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘கைஷோ’ என்று வணக்கம் சொல்லுங்கள், ‘எஸ்கெரிக் அஸ்கோ’ என்று நன்றி சொல்லுங்கள். பெரியவர்களுக்கு மொழி கற்பிக்கும் ‘எவுஸ்கல்தேகி’யில் சேர்ந்தால் இன்னும் நல்லது, எனக்கு நண்பர்கள் கிடைத்தது அந்த வகுப்பில்தான்.

திங்கட்கிழமைச் சந்தை இன்றும் கூடுகிறது. சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் தாங்களே விளைவித்ததைக் கொண்டுவருவார்கள். கெர்னிக்கா மிளகாய் பச்சையாக, சிறிதாக இருக்கும், காரம் தேடாதீர்கள். எண்ணெயில் முழுதாகப் பொரித்துக் கல்லுப்பு தூவினால் தயிர்சாதத்துக்கு அருமையாகப் பொருந்தும். அக்டோபர் கடைசித் திங்களன்று பெருஞ்சந்தை. பாஸ்க் நாடு முழுவதிலிருந்தும் கூட்டம் வரும். அன்றைக்கு இப்போதே விடுப்பு சொல்லிவையுங்கள், காலையிலேயே போய்விடலாம்.