மலை என்றால் எல்லாம் ஒன்றுதானே? மகளுக்கு என்ன பதில் சொல்வது?

குளக்கட்டு (கிளிநொச்சி)

வணக்கம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உயரமான இடம் என்றால் இரணைமடுக் குளக்கட்டுதான். அதில் ஏறி நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், மலை என்று சொல்ல ஒன்றும் கண்ணில் படாது. மகள் எட்டாம் ஆண்டு படிக்கிறாள். புவியியலில் மத்திய மலைநாடு, நக்கிள்ஸ், றக்வானை என்று தனித்தனிப் பெயர்கள் வந்திருக்கின்றன. "அப்பா, இவ்வளவு சின்ன நாட்டில் ஏன் இத்தனை பெயர், எல்லாம் ஒரே மலைதானே?" என்று கேட்டாள். எனக்கும் அப்படித்தான் தெரியும், படத்தில் நாட்டுக்கு நடுவில் ஒரு மண்ணிறப் பொட்டு, அவ்வளவுதான். நுவரெலியாவுக்கு இரண்டு தரம் போயிருக்கிறேன், இரண்டு தரமும் பனிமூட்டத்தையும் ஸ்ட்ரோபெரியையும் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் லீவில் நாலு நாள் இருக்கு, மச்சானின் வானும் இருக்கு. எங்கே கொண்டுபோய்க் காட்டினால் வித்தியாசம் பிள்ளைக்கு விளங்கும்? அம்மாவும் வருவா, முழங்கால் வருத்தம், ஆகவே ஏறச் சொல்லாதீர்கள்.

வவுனியா வாத்தி

தம்பி, பிள்ளை நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். ஒரே மலை இல்லை. மூன்று கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் இருப்பது பெரியது. அதைப் படத்தில் நங்கூரம் மாதிரி வரையலாம். மேற்கு நுனியில் சிவனொளிபாதமலை, 2243 மீற்றர். கிழக்கு நுனியில் பதுளைப் பக்கம் நமுனுகலை. இரண்டையும் இணைக்கிற வளைவில் கிரிகல்பொத்தையும் ஹோர்ட்டன் சமவெளியும். நங்கூரத்தின் தண்டு வடக்கே நீண்டு பிதுருதலாகலையில் முடியும், அதுதான் நாட்டிலேயே உயரம், 2524 மீற்றர். ஆனால் அங்கே நடந்து ஏற விடமாட்டார்கள், உச்சியில் தொலைக்காட்சிக் கோபுரமும் பாதுகாப்பும். இரண்டாவது நக்கிள்ஸ். மகாவலிப் பள்ளத்தாக்கு நடுவில் ஓடுவதால் பெரிய மலையோடு ஒட்டாமல் வடகிழக்கே தனியாக நிற்கிறது. கையைப் பொத்திப் பார்த்தால் விரல் மொளி தெரியும் இல்லையா, அந்த மாதிரி இருக்கிறதென்று வெள்ளைக்காரன் வைத்த பெயர், சிங்களத்தில் தும்பறை மலை. மூன்றாவது தென்மேற்கே றக்வானை. உயரம் குறைவு, ஆனால் மழை அதிகம், சிங்கராஜக் காடு அந்தப் பக்கம்தான்.

கல்லைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, எல்லாம் 50 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பழைய பாறை. புவிச்சரிதவியலாளர்கள் பாறைகளைப் பிரித்தபோது ஒரு தொகுதிக்கு நம்முடைய வன்னியின் பெயரையே எடுத்து வன்னித் தொகுதி என்று பெயர் வைத்தார்கள். இதை வகுப்பில் சொன்னால் பெடியங்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், நான் எப்போதும் சொல்வேன்.

வித்தியாசத்தைச் செய்வது காற்று. ஆகஸ்டில் சோளகம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று. அது மேற்கிலிருந்து வந்து மோதி, ஹற்றன், நுவரெலியாப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிப் பதுளைப் பக்கம், ஊவாவுக்குள் இறங்கும்போது வெறும் வறண்ட காற்றாகப் போய்விடும். மார்கழியில் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று வந்தால் எல்லாம் தலைகீழ், கிழக்குச் சரிவு நனையும். முன்பு ஒருமுறை பதுளை ரயிலில் போனேன். பட்டிப்பொல நாட்டின் உயரமான ரயில் நிலையம், 1898 மீற்றர். அதைத் தாண்டி ஒரு சுரங்கம். உள்ளே போகும்போது தூறல், வெளியே வந்தால் கண் கூசுகிற வெயில், எனக்குப் பக்கத்தில் இருந்த ஆச்சி குடையை மடக்கிக்கொண்டே சிரித்தா. புத்தகத்தில் பத்துப் பக்கம் எழுதினாலும் அது விளங்காது.

ஆகவே ஏ9 பாதையில் இறங்கி மாத்தளையில் றத்தோட்டைக்குத் திரும்புங்கள். றிவர்ஸ்டன் வழியாக நக்கிள்ஸைக் குறுக்கே கடக்கலாம், வானைவிட்டு இறங்காமலே பார்க்கலாம். முதலில் அடர்ந்த காடு, மேட்டைத் தாண்டினால் பிட்டவலப் பத்தனைப் புல்வெளி, ஒரு மணித்தியாலத்தில் இரண்டு ஊர் பார்த்த மாதிரி.

அப்புறம் ஒன்று. மலை நமக்கு அந்நியம் என்று நினைக்காதீர்கள். மரதன்கடவளையிலிருந்து ஹபரணைக்குப் போகிற பாதைக்குப் பக்கத்தில் ரிட்டிகல, 766 மீற்றர்தான், ஆனால் சுற்றிலும் வறண்டு கிடக்க அதன் தலையில் மட்டும் ஈரக் காடு. அந்தப் பக்கம் பிறக்கிற மல்வத்து ஓயாதான் இங்கே வந்து அருவியாறு. மன்னாரில் கட்டுக்கரைக் குளத்து வயல் விளைவது அந்தத் தண்ணீரில்.

தர்மபுரம் பிள்ளை

வாத்தியார் ஐயா எல்லாம் சொல்லிவிட்டார், நான் வேறு மாதிரி ஒன்று சொல்கிறேன். எங்கள் அம்மம்மா பதுளைப் பக்கத் தோட்டம், 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்தவர். கடைசிவரைக்கும் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று "இங்க எந்தப் பக்கம் பார்த்தாலும் வானம்தான்" என்று குறைபட்டுக்கொண்டே இருந்தார், வாழ்ந்தது நாற்பது வருசம், அந்தக் குறை போகவே இல்லை. அவர்களுக்கு மலை என்றால் ஏறிப் பார்க்கிற இடம் இல்லை, வேலைக்குப் போகிற இடம். தேயிலை நிற்கிற துண்டுக்குத்தான் மலை என்று பேர், "இன்றைக்கு எத்தனையாம் நம்பர் மலை?" என்று கேட்டுத்தான் கூடையைத் தூக்குவார்களாம். நமுனுகலையைப் பார்த்துத்தான் மழை வருமா என்று சொல்வாராம்.

ஆகவே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் வியூ பொயின்ட்டில் மட்டும் நிறுத்தாமல் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களையும் காட்டுங்கள். 2014 அக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களோடு ஆட்களையும் மூடியது மறந்திருக்காது. இரண்டு நாள் விடாத மழை என்றால் அந்தச் சரிவுப் பாதைகளுக்குப் போகாதீர்கள், மண்சரிவு அறிவித்தல் வருகிறதா என்று காலையில் ரேடியோவைக் கேளுங்கள்.

ஹப்புத்தளைக்குக் கட்டாயம் போங்கள். அங்கே மலை ஒரு சுவர் மாதிரி முடியும், ரோட்டுக் கரையில் நின்றாலே தெற்குச் சமவெளி முழுக்கக் கீழே கிடக்கும். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் என்றால் அதைவிட நல்ல இடம் இல்லை.

சைக்கிள்கடை

றக்வானையை விடுங்கோ அண்ணை. நாங்கள் நாலு பேர் சிங்கராஜ போனோம், மழையில் காட்டைப் பார்த்ததைவிடக் காலைப் பார்த்ததுதான் அதிகம். இரண்டடிக்கு ஒரு இரத்தம் குடிக்கிற அட்டை. சப்பாத்துக்குள்ளும் போய்விட்டது.

குளக்கட்டு (கிளிநொச்சி)

எல்லோருக்கும் நன்றி. வாசித்துக் காட்டினேன், வன்னித் தொகுதி என்ற இடத்தில் மகள் "உண்மையாவா?" என்று இரண்டு தரம் கேட்டாள், கொப்பியில் எழுதியும் வைத்திருக்கிறாள். முதல் நாள் றிவர்ஸ்டன், இரவு கண்டி. அடுத்த நாள் பதினெட்டு வளைவால் மகியங்கனை இறங்கிப் பதுளை, மூன்றாம் நாள் ஹப்புத்தளை, திரும்பும்போது நுவரெலியா. சரிதானே? றக்வானை இந்தமுறை இல்லை, நேரமும் இல்லை, அட்டைக்கும் பயம்.

வவுனியா வாத்தி

சரி. பதினெட்டு வளைவு இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாமல் இரண்டாம் கியரில் விடச் சொல்லுங்கள், வான் ஓடுகிறவருக்குக் குளக்கட்டுத்தான் பழக்கம் என்றால். நுவரெலியாவுக்கு ஸ்வெற்றர். றிவர்ஸ்டனிலும் அட்டை உண்டு தம்பி, காலில் சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு இறங்குங்கள்.

சைக்கிள்கடை

சவர்க்காரம் மழையில் கரைந்துவிடும் சேர். உப்புத்தான்.