தங்கச்சிக்கு பார்டர்லைன் பெர்சனாலிட்டி என்கிறார் டாக்டர், இதற்கு மருந்து உண்டா?

மல்லிகைப்பந்தல்:

வணக்கம். நான் திருமங்கலத்தில் இருக்கிறேன், தங்கச்சி அம்மாவோடு செல்லூரில். வயது 24, ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். மனநல டாக்டரிடம் மூன்றாவது தடவை போனபோதுதான் 'பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர்' என்று சீட்டில் எழுதினார். வெளியே ஏகப்பட்ட பேர் காத்திருந்தார்கள், உட்கார்ந்து விளக்கமாகக் கேட்க முடியவில்லை.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவதற்குள் 19 தடவை கூப்பிட்டிருக்கிறாள், என் ஃபோன் வீட்டிலேயே கிடந்தது. வந்து பார்த்தால் 'நீயும் என்னைய விட்டுட்டேல்ல, இனி எனக்கு அக்காவே கிடையாது' என்று மெசேஜ். சாயங்காலம் அதே பிள்ளை தூக்குவாளியில் பருத்திப்பால் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து வாசலில் நிற்கிறாள், அழுது முகமெல்லாம் வீங்கி, கையில் அவளே கீறிக்கொண்ட தடம்.

அம்மா பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போகணும் என்கிறார். என் வீட்டுக்காரர் இது சீக்கே இல்லை, கொழுப்பு என்கிறார். எனக்கும் ஒன்று புரியவில்லை, குணம் எப்படி நோயாகும்? அதுதான் நோய் என்றால் மாத்திரை எதைச் சரிபண்ணும்?

ஆரப்பாளையம்அக்கா:

மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக 14 வருஷம் இருந்தவள் நான், டாக்டர் இல்லை. முதலில் அந்தக் கீறல். அதை 'பயம் காட்டுகிறாள்' என்று எடுத்துக்கொள்ளாதே. சாகணும் என்று பேசினாலோ, உனக்கே மனசு கேட்காவிட்டாலோ அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, தனியாக விடாதே. இராத்திரி நேரம் என்றால் டெலி மானஸ் 14416, அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். குணம் நோயாகாதும்மா. முன்கோபி, கூச்சக்காரர், சந்தேகப் பிராணி எல்லாம் எந்தத் தெருவில்தான் இல்லை? அந்தக் குணம் எங்கேயும் வளைந்து கொடுக்காமல் வீடு, வேலை, சிநேகிதம் என்று போகிற இடமெல்லாம் இடிக்கிறது, வாலிபத்தில் ஆரம்பித்து வருஷக்கணக்கில் விடாமல் தொடர்கிறது, அந்த ஆளே அதனால் நொந்துபோகிறார் என்றால்தான் ஆளுமைக் கோளாறு என்பார்கள். மனநோய்களை வரையறுக்கிற அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 இதில் பத்து வகை சொல்கிறது. பார்டர்லைனுக்கு மட்டும் 9 அறிகுறி, அதில் குறைந்தது 5 இருக்க வேண்டும். நீ எழுதியிருக்கிற பருத்திப்பால் கதையிலேயே இரண்டு மூன்று தெரிகிறது, முக்கியமாக விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்கிற பயம். உனக்கு அது எடுக்காத ஃபோன், அவளுக்கு அக்காவே போய்விட்ட மாதிரி. பைபோலார், அதாவது மனம் உச்சிக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகிற நோய், என்று யாராவது குழப்பினால், அதில் மனநிலை மாறினால் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும். இதில் காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று.

மாத்திரை விஷயம். பார்டர்லைனுக்கென்று தனி மாத்திரை கிடையாது. எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலே இதற்காக மட்டும் மருந்து கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறது. கூடவே வருகிற மனச்சோர்வு, பதற்றத்துக்குக் கொடுப்பார்கள், உன் சீட்டில் இருப்பதும் அதற்காக இருக்கலாம், அடுத்த தடவை எதற்கு எது என்று கேட்டுக்கொள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். உண்மையான வைத்தியம் பேச்சுதான். அதிகம் சோதித்துப் பார்த்தது டிபிடி, முழுப்பெயர் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி. வாரம் ஒரு தடவை தனியாக, இன்னொரு தடவை குழுவாக உட்கார்ந்து, பொங்கிவருகிற உணர்ச்சியைச் சமாளிக்கப் பழகுவது, ஏறக்குறைய ஒரு வருஷம் ஓடும். அதை உருவாக்கிய மார்ஷா லினஹன் என்ற அம்மையார், தானே 17 வயதில் மனநல மருத்துவமனையில் கிடந்தவர்தான் என்று 2011இல் வெளியே சொன்னார். நம் பக்கம் முழு டிபிடி சுலபத்தில் அமையாது, ஆனால் அந்த முறை தெரிந்த உளவியல் நிபுணர் ஒருவர் வாராவாரம் பார்த்தாலே நிறைய ஆகும்.

பழையசோறு:

எல்லாம் வளர்ப்பு. எங்க காலத்துல ரெண்டு அறை விட்டா எந்த டிஸார்டரும் வராது. இப்ப எதுக்கெடுத்தாலும் ஒரு இங்கிலீஷ் பேரு.

பேர்வேண்டாம்:

அந்த ரெண்டு அறை எனக்கும் விழுந்தது பெரியவரே, நிறையவே. 22 வயதில் இதே பேரை எனக்கும் எழுதினார்கள். அடி வாங்கிய எல்லாருக்கும் இது வருவதில்லை, பிறவியிலேயே தோல் மெல்லிசாக இருக்கிறவர்களுக்கு அடியும் சேர்ந்தால் வருகிறது, என் டாக்டர் அப்படித்தான் விளக்கினார்.

மல்லிகை அக்கா, எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ரொம்பச் சின்ன வேலை. தலைக்கு ஏறும்போது சட்டியில் தண்ணீர், ஐஸ்கட்டி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் முகத்தை உள்ளே வைக்கணும். இதயத் துடிப்பு தானாக இறங்கும். (இருதயக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கூடாது.) மேலூரில் எங்கள் வீட்டு அடுப்படியில் சட்டியும் கையுமாக நான் நின்றதைப் பார்த்து அப்பா பேய்தான் பிடித்துவிட்டது என்று முடிவே கட்டினார். ஆனால் அந்த ஐந்து நிமிஷம் தள்ளிப்போனதால் அனுப்பாமல் விட்ட மெசேஜ் எத்தனையோ.

அமெரிக்காவில் மக்லீன் மருத்துவமனையில் பார்டர்லைன் உள்ள 290 பேரை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்திருக்கிறார்கள். பத்து வருஷத்துக்குள் 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் குறைந்து, குறைந்தது இரண்டு வருஷமாவது அப்படியே இருந்திருக்கிறது. வேலையும் உறவும் சேர்ந்து நேரானது பாதிப் பேருக்குத்தான், அதையும் மறைக்க வேண்டாம். எனக்கு வேலை நிலைத்துவிட்டது, சிநேகிதம் இன்னும் தகராறுதான்.

மல்லிகைப்பந்தல்:

இரண்டு தடவை படித்துவிட்டேன். தங்கச்சியிடமும் காட்டலாமா? கோயில் விஷயத்தில் அம்மாவிடம் என்ன சொல்ல?

ஆரப்பாளையம்அக்கா:

காட்டு, அவளைப் பற்றித்தானே பேசுகிறோம். கோயிலுக்குத் தாராளமாகப் போய்ப் பொங்கல் வைக்கட்டும், அம்மா மனசும் ஆறும். அங்கே யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அப்போதுதான் மறுக்கணும். எங்கேயும் கொண்டுபோய் விட்டுவிட்டு மட்டும் வராதீர்கள், 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கிடந்து தீயில் போன 28 பேரை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் ஃபோன். எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன் என்று வாக்குக் கொடுக்காதே, உன்னால் முடியாது, முடியாமல் போகிற அன்றைக்கு அவள் உடைந்துபோவாள். ஒரு நேரம் சொல், அதைத் தவறவிடாதே. 'இதுக்கெல்லாமா அழுவாங்க' என்பதற்குப் பதிலாக 'நான் எடுக்கலன்னதும் பயந்துட்டியா' என்று கேட்டுப் பார்.

மல்லிகைப்பந்தல்:

நேற்றுக் கேட்டேன் அக்கா, அப்படியே. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் 'ஆமா' என்றாள். இராத்திரி ஒன்பது மணி என்று பேசி வைத்திருக்கிறோம். வீட்டுக்காரர் இன்னும் கொழுப்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஆனால் ஒன்பதாகப் போகுதே, ஃபோனுக்குச் சார்ஜ் இருக்கா என்று இன்றைக்குக் கேட்டதும் அவர்தான்.