பாதாள வாசலா, விஷவாயுப் பொந்தா?

பழங்கல்:
பாதாளத்துக்கு வழி என்று பழங்காலத்தார் காட்டிய இடங்கள் எல்லாம் விஷவாயு கக்கும் பொந்துகள்தான். துருக்கியில் பமுக்கலே பக்கத்து ஹியராபோலிஸைப் பாருங்கள். அங்கே பாதாளக் கடவுள் புளூட்டோவின் வாசலைக் கண்டுபிடித்ததாக இத்தாலியத் தொல்லியலாளர் டி'ஆன்ட்ரியா 2013-ல் அறிவித்தார். உள்ளே ஓட்டிய காளைகள் செத்து விழும், நானே குருவிகளை விட்டுப் பார்த்தேன், அவையும் விழுந்தன என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ 2000 வருடம் முன்பே எழுதியிருக்கிறார். 2018-ல் வெளியான ஆய்வில் குகைக்குள் கார்பன் டை ஆக்சைடு 91 சதவீதம் வரை. கதை முடிந்தது.

தென்றல்77:
எங்கே முடிந்தது? அந்த ‘எல்லாம்’தான் இடிக்கிறது. கிரேக்கப் பெருநிலத்தின் தென்கோடியில் தைனரான் முனை. பாதாளத்து நாயைப் புராண வீரன் ஹெராக்ளிஸ் இழுத்து வந்தது அங்குள்ள குகை வழியாகத்தான் என்பார்கள். இரண்டாம் நூற்றாண்டில் அங்கே போன கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸ், குகைக்குள் நிலத்தடிக்குப் போகும் பாதையே இல்லை என்கிறார். வாயுவைப் பற்றிப் பேச்சே இல்லை. நாய் என்றது ஒரு கொடிய பாம்பைத்தான் என்ற பழைய விளக்கத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறார்.

கிணற்றடி:
குறுக்கே ஒரு சந்தேகம். காளை செத்தது, கூடப் போன பூசாரி எப்படிப் பிழைத்தார்?

பழங்கல்:
தூர்வார இறங்கும் முன் கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்போமே, அதே சங்கதி. அந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். வாசலுக்கு முன்னால் விடியற்காலையில் தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் 35 சதவீதம் இருந்தது. வெயில் ஏறினால் கலைந்துவிடும். காளையின் மூக்கு தாழ்வாக இருக்கும், பூசாரி நிமிர்ந்து நிற்பார். மூச்சை வேறு அடக்கிக்கொள்வார். திணறல் முகத்தில் தெரிந்தது என்று ஸ்ட்ராபோ போட்டு உடைத்துவிட்டார்.
அப்புறம் தென்றல், தைனரான் ஒன்று விலக்கு என்றே வைப்போம். இத்தாலியின் அவெர்னுஸ் ஏரி? மேலே பறக்கும் பறவை விஷவாயு பட்டு விழும் என்றார்களே?

தென்றல்77:
உங்கள் ஸ்ட்ராபோவையே இன்னும் கொஞ்சம் படியுங்கள். சுற்றியிருந்த காட்டை ரோமத் தளபதி அக்ரிப்பா வெட்டிய பிறகு அதெல்லாம் கட்டுக்கதை என்று தெரிந்துவிட்டது என்கிறார். குருவிக்கு அவர் சாட்சி என்றால் இதற்கும் அவர்தான் சாட்சி.

பழங்கல்:
சரி, ‘எல்லாம்’ வாபஸ். ஹியராபோலிஸை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

தென்றல்77:
அதை யார் கேட்டது? காளை ஏன் செத்தது என்பதற்கு வாயு பதில் சொல்லும். அங்கே ஏன் புளூட்டோவைக் குடிவைத்தார்கள் என்பதற்குச் சொல்லாது.