உதவி தேவை: வீட்டு முகவரி, அம்மாவின் ஃபோன் நம்பர் எல்லாம் ஆள் தேடும் தளங்களில், எடுக்கச் சொன்னாலும் திரும்ப வருகிறது

மல்லிகைப்பந்தல் (எடிசன், நியூ ஜெர்சி) எழுதியது:

வணக்கம். மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

போன மாதம் அம்மாவுக்கு ஒரு அழைப்பு வந்தது. அம்மா கும்பகோணத்திலிருந்து கிரீன் கார்டில் வந்து எங்களோடுதான் இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியை, யாரும் எளிதில் ஏமாற்றிவிட முடியாத ஆள். பேசியவன் போலீஸ் என்று சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டுக் கதவு எண், என் கணவர் பெயர், 2016இல் நாங்கள் வாடகைக்கு இருந்த அபார்ட்மென்ட் வரைக்கும் ஒப்பித்திருக்கிறான். இவ்வளவு தெரிந்தவன் போலீஸாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பி அம்மா வங்கிக் கணக்கு எண்ணைச் சொல்லப் போன நேரத்தில் நான் வீட்டுக்குள் வந்தேன். அன்று முழுக்க அம்மாவுக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

இரவு உட்கார்ந்து என் பெயரைக் கூகுளில் போட்டுப் பார்த்தால் பத்துக்கும் மேற்பட்ட தளங்களில் எல்லாம் கிடக்கிறது: வயது, பழைய முகவரிகள், ஃபோன் நம்பர், "உறவினர்கள்" என்று அம்மா, கணவர், கொழுந்தனார் பெயர்கள். நான்கு தளங்களில் ஆப்ட் அவுட் (என் விவரத்தை எடுத்துவிடுங்கள் என்ற கோரிக்கை) கொடுத்தேன். ஒன்றில் ஃபோனில் கூப்பிட்டுக் குறியீடு கேட்பார்களாம், அந்த அழைப்பு ஐந்து முறை முயன்றும் வரவே இல்லை. இன்னொன்றில் எடுத்தாகிவிட்டது என்று மெயில் வந்தது, இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அதே விவரம் மறுபடியும் இருக்கிறது. மூன்றாவது தளத்தில் பக்கம் போய்விட்டது, ஆனால் கூகுளில் தேடினால் முகவரி இன்னும் தெரிகிறது. மீதிக்கு உதவுகிறேன் என்று கோயம்புத்தூரிலிருந்து தம்பி உட்கார்ந்தான், அவனுக்குப் பாதித் தளங்கள் திறக்கவே இல்லை.

பணம் கட்டி யாரிடமாவது விட்டுவிடலாமா? இது சட்டப்படி குற்றம் இல்லையா?

ஆஸ்டின் அண்ணாச்சி பதில்:

சகோதரி, அம்மா தப்பித்தது பெரிய விஷயம். முதலில் தம்பி பிரச்சினை: இந்தத் தளங்களில் பல அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்தால் கதவையே சாத்திவிடும். நீங்கள் இங்கிருந்து செய்வதுதான் வழி.

குறியீட்டு அழைப்பு வராததற்கு ஒன்று கேட்கிறேன். ஐஃபோனா? மோசடி அழைப்புத் தொல்லைக்குப் பயந்து 'சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்' போட்டு வைத்திருக்கிறீர்களா? அது இருந்தால் தெரியாத எண் எதுவும் மணி அடிக்காது, நேராக வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடும். ஒய்ட்பேஜஸ் மாதிரி இடங்களில் இயந்திரம்தான் கூப்பிடும், எடுத்துக் குறியீட்டை அழுத்தினால்தான் வேலை முடியும். ஐந்து நிமிடம் அதை அணைத்துவிட்டு முயலுங்கள்.

அடுத்தது திரும்ப வருவது. இதில்தான் நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் மாட்டுகிறோம், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நம் பெயர் இந்த ஊர்ப் பதிவேடுகளில் ஒரே மாதிரி இருப்பதில்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம், கல்யாணத்துக்குப் பிறகு லைசென்ஸில் கணவர் பெயர் சர்நேம், மின்கட்டணத்தில் வெறும் இனிஷியல், வேலை பார்க்கும் இடத்தில் பாதிப் பெயர். தமிழ்ச்செல்வி என்று ஒருவர் இருந்தால் ழகரத்துக்கு 'இசட் எச்' போட்டு ஒன்று, 'எல்' போட்டு ஒன்று, தமிழ் தனி செல்வி தனி என்று இன்னொன்று. இவையெல்லாம் ஒரே ஆள் என்று தளத்துக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் தனிப் பக்கம். நீங்கள் ஒன்றை எடுத்தீர்கள், மற்றது அங்கேயே இருந்திருக்கும், அதைப் பார்த்துத் திரும்ப வந்துவிட்டது என்று நினைத்திருக்கலாம். உண்மையிலேயே திரும்ப வருவதும் உண்டு, அதற்குக் காரணம் அவர்கள் வெளியிலிருந்து புதுப் பட்டியல் வாங்கும்போது பெயர் வேறு எழுத்தில் வருவது.

ஆகவே பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஃபோன் நம்பரைப் போட்டுத் தேடுங்கள், வீட்டு முகவரியைப் போட்டுத் தேடுங்கள். அநேகமாக எல்லாத் தளங்களிலும் இந்த இரண்டு தேடலும் உண்டு. எந்தெந்தப் பெயரில் உங்களைப் போட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் முழுசாகத் தெரியும். என் வீட்டு முகவரியைப் போட்டபோது எனக்கு மட்டும் மூன்று, மனைவிக்கு நான்கு, ஒரே ஒரு தடவை ஆறு மாதம் வந்துபோன என் அப்பாவுக்கு ஒன்று இருந்தது. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவரும் அந்த வீட்டில் "வசிக்கிறார்".

மல்லிகைப்பந்தல்:

அண்ணா, நீங்கள் சொன்னதுதான். அந்த செட்டிங் போட்டது நானேதான், அம்மாவுக்கு வந்த அழைப்புக்குப் பிறகு பயந்துபோய் எல்லா ஃபோனிலும் போட்டேன். அணைத்துவிட்டு முயன்றேன், அரை நிமிடத்தில் மணி அடித்தது. முகவரி போட்டுத் தேடியதில் என் பெயரில் ஐந்து பக்கங்கள். ஒன்றில் அப்பா பெயரே என் பெயராக இருக்கிறது. அப்பாவை இழந்தது பற்றி எழுதியிருந்தீர்கள், மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

அம்மா பெயரில் எடுக்க வேண்டுமானால் அம்மா மெயிலிலிருந்துதான் கொடுக்க வேண்டுமா? லைசென்ஸ் படம் கேட்கிறது ஒரு தளம், கொடுக்கலாமா?

ஆஸ்டின் அண்ணாச்சி:

இதற்கென்று புதிதாக ஒரு மெயில் திறந்துகொள்ளுங்கள், அம்மாவுக்கும் தனியாக ஒன்று. பீன்வெரிஃபைட் என்ற தளம் ஒரு மெயிலுக்கு ஒரு பக்கம்தான் எடுக்க விடும், மீதிக்கு அவர்களின் உதவிப் பிரிவுக்கு எழுத வேண்டும். சில இடங்களில் வேலை மிச்சம்: இன்டீலியஸ், ட்ரூத்ஃபைண்டர், இன்ஸ்டன்ட் செக்மேட், யூஎஸ் சர்ச் நான்கும் பீப்பிள்கனெக்ட் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் வருபவை, ஒரே இடத்தில் கொடுத்தால் நான்கிலும் மறையும்.

லைசென்ஸ் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். படம் இல்லாமல் எடுக்க வழி இருக்கிறதா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் லைசென்ஸ் எண்ணையும் புகைப்படத்தையும் மறைத்துவிட்டு, பெயரும் முகவரியும் மட்டும் தெரிகிற மாதிரி கொடுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்டால் அங்கேயே மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கூகுளில் இன்னும் தெரிவதற்கு இரண்டு வெவ்வேறு வசதி இருக்கிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம். தளத்தில் பக்கம் போய்விட்டது, கூகுள் மட்டும் பழையதைக் காட்டுகிறது என்றால் காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கக் கோரும் பக்கம் இருக்கிறது, அங்கே அந்த இணைப்பைக் கொடுங்கள். 'ரிசல்ட்ஸ் அபவுட் யூ' என்பது வேறு. 2022இல் வந்தது. உங்கள் பெயர், முகவரி, ஃபோன் கொடுத்து வைத்தால் தேடலில் அவை தென்படும்போது சொல்லும், தேடலிலிருந்து எடுக்கவும் கேட்கலாம். அது தேடலிலிருந்து மட்டும்தான் எடுக்கும், தளத்தில் அப்படியே இருக்கும்.

சாக்ரமென்டோ தேவி:

குற்றம் இல்லையா என்று கேட்டிருந்தீர்கள் தோழி. வயிற்றெரிச்சலான பதில்தான்: பெரும்பாலும் இல்லை. வீடு வாங்கினால் கவுன்டி பத்திரப் பதிவு எல்லாரும் பார்க்கலாம், நீதிமன்றப் பதிவும் அப்படித்தான், பல மாநிலங்களில் வாக்காளர் பட்டியலும். வீடு மாறும்போது தபால் துறையில் கொடுக்கும் முகவரி மாற்றம்கூட, உங்கள் பழைய முகவரி வைத்திருக்கும் விளம்பர நிறுவனங்களுக்கு உரிமம் பெற்றவர்கள் வழியாகப் போய்ச் சேரும். இவற்றைச் சேர்த்துக் கட்டிப் பணம் பண்ணுகிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்கவோ வாடகைக்கு விடவோ கடன் கொடுக்கவோ இந்தத் தகவலைப் பயன்படுத்தும்போதுதான் மத்தியச் சட்டம் உள்ளே வருகிறது.

உங்கள் எடிசனுக்கு அருகில் இருக்கும் நார்த் பிரன்ஸ்விக்கில் 2020 ஜூலையில் நீதிபதி எஸ்தர் சலாஸின் வீட்டுக்கு ஒருவன் பார்சல் கொண்டுவருபவன் போல வந்து அவர் மகன் டேனியலைச் சுட்டுக் கொன்றான், 20 வயதுப் பிள்ளை. அதற்குப் பிறகு அதே ஆண்டில், வீட்டு முகவரியை வெளியிடுவதைத் தடுக்கும் டேனியல் சட்டம் நியூ ஜெர்சியில் வந்தது. ஆனால் அது நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள், காவல்துறையினர் போன்றவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும்தான். உங்களுக்கும் அம்மாவுக்கும் அதே பயம் இருந்தாலும் அந்தச் சட்டம் எட்டாது என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

கலிபோர்னியாவில் நிலைமை கொஞ்சம் மேல். 2023இல் நிறைவேறிய டிலீட் சட்டத்தின்படி 2026 ஜனவரியில் 'டிராப்' என்று ஒரு அரசுப் பக்கம் திறந்தார்கள். ஒரே ஒரு கோரிக்கை கொடுத்தால் மாநிலத்தில் பதிவு செய்த தரவுத் தரகர்கள் (ஆட்களின் விவரங்களைச் சேர்த்து விற்பவர்கள்) அனைவருக்கும் அது போகும். 2026 ஆகஸ்ட் 1 முதல் அவர்கள் 45 நாளுக்கு ஒரு முறை அந்தப் பட்டியலைப் பார்த்து அழிக்க வேண்டும். இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும். கலிபோர்னியாவில் யாராவது படித்துக்கொண்டிருந்தால் இன்றே போய்க் கொடுங்கள், அரசுப் பதிவேட்டிலிருந்து நேராக வந்த தகவலுக்கு விலக்கு இருக்கிறது, இருந்தாலும் கொடுங்கள்.

ராலே ராகவி:

அக்கா, பணம் கட்டுவது பற்றி. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2024இல் 32 தன்னார்வலர்களை வைத்து 13 ஆள் தேடும் தளங்களில் சோதித்துப் பார்த்தது. கையால் தாங்களே கொடுத்ததில் 70% ஒரு வாரத்துக்குள் போய்விட்டது. சேவைகளில் ஆப்டரி 68%, ஈஸிஆப்ட்அவுட்ஸ் 65%, அதுவும் நான்கு மாதத்தில். ஈஸிஆப்ட்அவுட்ஸ் அப்போது வருடத்துக்கு 20 டாலர், அதைவிடப் பல மடங்கு வாங்கும் சிலவற்றின் பலன் இதைவிட மோசம். என் எண்ணம்: பெரிய தளங்களை நீங்களே முடியுங்கள், சின்னச் சின்னதுக்கும் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கும் மலிவான ஒன்றை வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். எந்தச் சேவையானாலும் பெயரின் எல்லா வடிவங்களையும் கொடுக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நமக்குப் பிரயோஜனம் இல்லை.

பெயர் வேண்டாம்:

நான் எப்போதாவதுதான் எழுதுவேன். விட்டுவந்த ஆளிடமிருந்து முகவரியை மறைக்க வேண்டிய நிலையில் இருக்கும் பெண்கள் இதைப் படித்தால்: தளம் தளமாக எடுப்பதோடு நிற்காதீர்கள். நியூ ஜெர்சி உட்படப் பல மாநிலங்களில் முகவரி ரகசியத் திட்டம் இருக்கிறது, கலிபோர்னியாவில் அதன் பெயர் 'சேஃப் அட் ஹோம்'. உங்கள் முகவரிக்குப் பதிலாக வேறொரு முகவரி தருவார்கள், லைசென்ஸ், பள்ளி எல்லாவற்றிலும் அதைக் கொடுக்கலாம். வீடு மாறுவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள், புது முகவரி ஒரு தடவை வெளியே போய்விட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம்.

கோவைத் தம்பி:

நான்தான் அந்தத் தம்பி. அக்கா சொல்லி இங்கே வந்தேன். ஊரில் அம்மாவின் இந்திய நம்பரைத் தேடினால் ட்ரூகாலரில் "டீச்சர் கும்பகோணம்" என்று வருகிறது. இதை எடுக்க முடியுமா?

ராலே ராகவி:

முடியும். அம்மா அந்த நம்பரில் ட்ரூகாலர் கணக்கு வைத்திருந்தால் முதலில் கணக்கை மூடுங்கள், அப்புறம் அவர்கள் தளத்தில் 'அன்லிஸ்ட்' பக்கத்தில் +91 சேர்த்து நம்பரைக் கொடுங்கள். ஆப் அழித்தால் மட்டும் பெயர் போகாது.

அம்மா பெயரில் கிரெடிட்டையும் முடக்கிவிடுங்கள். கடன் வரலாறு வைத்திருக்கும் நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், 2018லிருந்து இலவசம். முகவரி வெளியில் சுற்றினாலும் அவர் பெயரில் யாரும் கடன் வாங்குவது கடினமாகும்.

மல்லிகைப்பந்தல் (ஐந்து வாரம் கழித்து):

நன்றி சொல்லவும் நிலவரம் சொல்லவும் வந்தேன். ஒரு நோட்டில் தளம், எந்தப் பெயர், கொடுத்த தேதி, போன தேதி என்று எழுதிவைத்துச் செய்தேன். நாளுக்கு அரை மணி நேரம், ஒன்பது நாள். மொத்தம் 31 பக்கங்கள் நான்கு பேருக்கு, அதில் 26 போய்விட்டது. இரண்டு, வேறு எழுத்தில் திரும்ப வந்தது, மறுபடி கொடுத்திருக்கிறேன். கிரெடிட் மூன்றிலும் முடக்கியாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை முகவரி போட்டுத் தேட ஃபோனில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன்.

நோட்டில் எழுதும் வேலையை அம்மாவே எடுத்துக்கொண்டார். நேற்று மறுபடி ஒரு அழைப்பு வந்திருக்கிறது, அதே மாதிரி முகவரியை ஒப்பித்திருக்கிறான். "அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது தம்பி, வேறு ஏதாவது சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

அப்பா பெயரில் இருக்கும் அந்த ஒரு பக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. லைசென்ஸில் இருக்கும் பெயரோடு பொருந்தவில்லை என்று பதில் வந்திருக்கிறது. யாராவது இதைத் தாண்டியிருந்தால் எப்படி என்று எழுதுங்கள்.

ஆஸ்டின் அண்ணாச்சி:

பெயரை நிரூபிக்கப் போகாதீர்கள் சகோதரி. அந்தப் பக்கத்தில் இருக்கும் ஃபோன் நம்பர் உங்களுடையதுதானே? அந்த நம்பரும் முகவரியும் என்னுடையவை, பக்கத்தின் இணைப்பு இது, எடுங்கள் என்று மட்டும் எழுதுங்கள், வேண்டுமானால் பெயர் மறைத்த ஒரு ஃபோன் பில். என் மனைவியின் நான்காவது பக்கம் அப்படித்தான் போனது.