பழைய புல்வெட்டி சேர்க்கும் ஆசை வடிந்துவிட்டது, என்ன செய்யலாம்?

டெர்பிவாசி:
வணக்கம். இங்கிலாந்தின் டெர்பியில் இருக்கிறேன். இதே ஊரில் செய்த குவால்காஸ்ட் பாந்தர் என்கிற கையால் தள்ளும் புல்வெட்டி ஒன்றைப் பழைய சாமான் சந்தையில் வாங்கியதுதான் ஆரம்பம். அப்புறம் ஆட்கோ, ரான்சம்ஸ், சஃபோக் பஞ்ச் என்று வேறு பிராண்டு புல்வெட்டிகளாலும் ஷெட் நிறைந்துவிட்டது.

எனக்குப் பிடித்ததே கூர் பார்க்கிற வேலைதான். சுழல்கிற பிளேடுக்கும் கீழே அசையாமல் இருக்கிற பிளேடுக்கும் நடுவில் செய்தித்தாள் துண்டை நீட்டி, கையால் மெல்லச் சுற்ற வேண்டும். ஒரு ஓரத்தில் வெட்டி மறு ஓரத்தில் மடிந்தால் திருகைக் கொஞ்சம் முடுக்கணும். முழு நீளத்துக்கும் சரக்கென்று வெட்டினால் அன்றைக்குத் தூக்கம் நன்றாக வரும்.

இப்போது ஷெட் பக்கம் போகவே மனசு வரவில்லை. ஆட்கோவைத் தனியாளாக நகர்த்தவும் முடிவதில்லை. எல்லாவற்றையும் தள்ளிவிடலாமா? யாருக்காவது இப்படி ஆகி, ஆசை திரும்பியிருக்கிறதா?

பட்டறைப்பிரியன்:
தம்பி, உங்களுக்குப் பிடித்தது ரிப்பேர் வேலை, சேர்ப்பது இல்லை. எனக்கும் அப்படித்தான். எல்லாம் ஓடுகிற நிலைக்கு வந்ததும் கைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. மோட்டார் வைத்ததையெல்லாம் கொடுத்துவிட்டு, தள்ளுகிற வகையை மட்டும் வைத்துக்கொண்டேன். இப்போது அக்கம்பக்கத்துக்காரர்களின் மெஷினுக்குச் சாணை பிடித்துக் கொடுக்கிறேன். விற்பதானால் வசந்தத்தில் விற்றுவிடுங்கள், குளிர்காலத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

மில்தெரு:
அண்ணா, தயவுசெய்து இரும்புக் கடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். ஸ்ட்ரவுட் பக்கம் கம்பளித் துணி மில்களில் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை மழிக்கிற மெஷின் இருந்தது. அதிலிருந்துதான் எட்வின் பட்டிங் 1830இல் புல்வெட்டிக்குக் காப்புரிமை எடுத்தார். இரண்டே வருஷத்தில் இப்ஸ்விச்சின் ரான்சம்ஸ் அவரிடம் உரிமம் வாங்கிச் செய்ய ஆரம்பித்தது. உங்கள் ஷெட்டில் நிற்கிற ரான்சம்ஸ் அந்த வழியில் வந்தது! சவுத்போர்ட்டில் இதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, ஒருமுறை போய்ப் பாருங்கள். 1990இல் தொடங்கிய பழைய புல்வெட்டிச் சங்கத்திலும் கேளுங்கள். அருமை தெரிந்தவர் கைக்குப் போய்ச் சேரும்.

பச்சைக்கோடு:
நான் வேறு மாதிரி நினைக்கிறேன். அடுக்கி வைத்தால் எந்த மெஷினும் சலிக்கும். பாந்தரை எடுத்து உங்கள் புல்லையே வெட்டுங்கள். புல் காய்ந்திருக்கணும், ரொம்ப வளரவும் விடக்கூடாது. பின்னால் ரோலர் இருப்பதால் போகும்போது ஒரு பச்சை, திரும்பும்போது இன்னொரு பச்சை என்று கோடு விழும். பெரும்பாலான ரோபோ மெஷினில் அந்தக் கோடு விழாது.

டெர்பிவாசி:
எல்லோருக்கும் நன்றி. பட்டறைப்பிரியன் ஐயா சொன்னது அப்படியே என் விஷயம்தான். பாந்தரும் ரான்சம்ஸும் என்னிடமே இருக்கட்டும். மற்றதுக்குச் சங்கத்தில் எழுதிப் போடுகிறேன். சஃபோக் பஞ்சுக்குச் செயின் மூடி இல்லை, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அதையும் மாட்டியே கொடுத்துவிடலாம்.